ஸ்டோபர்ட் சொல்லாத வரி

அந்தக் கொட்டாவி என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நடுவில் எங்கேயாவது நழுவப் பார்ப்பேன், என் சுபாவம் அப்படி.

படத்தின் பெயர் 'முனையில் மூன்று பேர்'. அறுபத்தெட்டு நிமிடம். பெரிய படத்துக்கு முன்னால், ஜனங்கள் கோட்டைக் கழற்றிக்கொண்டு இருக்கை தேடுகிற நேரத்தில் ஓட்டுவார்களே, அந்த ரகம். ஒரு கலங்கரை விளக்கம், ஒரு கொலை, நகைத் திருடர்கள் மூன்று பேர், லண்டனிலிருந்து வருகிற ஒரு துப்பறிவாளர். ஐம்பத்தொன்பதாம் வருடம் மார்ச் மாதம் பதினோரு பேர் ஒரு வேனில் ஏறி வடக்கே நார்தம்பர்லாந்துக் கடற்கரைக்குப் போய், பன்னிரண்டே நாளில் எடுத்து முடித்தோம். நான் ஒலிப்பதிவாளன். பெயர் ரே டிப்ஸ், வயது இருபத்து மூன்று, அது எனக்கு இரண்டாவது படம். சினிமா என்றால் எனக்கு அப்படி ஒரு பித்து. சோறு தண்ணி வேண்டாம், ஒரு மைக்கைக் கையில் கொடுத்தால் போதும்.

ஹார்விக் முனைக் கலங்கரை விளக்கத்தில் விளக்கைக் கவனிக்க மூன்று காவலர்கள். அவர்களில் மூத்தவர் மத்யூ ஸ்டோபர்ட். ஐம்பது வயதிருக்கும். பித்தளைப் பொத்தான் ஒவ்வொன்றும் பளபளவென்று இருக்கும். முப்பது வருட வேலை. நாங்கள் போன முதல் நாளே, ஏணிப்படியில் யார் சேற்றுக் காலோடு ஏறியது என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஏறியது நான்தான். துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு, நான் துடைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று மழையைப் பற்றிப் பேசினார். அப்படித்தான் பழக்கமானோம்.

ஆறாம் நாள், காவலர் வேஷம் போட வேண்டிய நடிகர் வரவில்லை. நியூகாசில் ஸ்டேஷன் மதுக்கடையில் இறங்கியவர் அங்கேயே தங்கிவிட்டார். டைரக்டர் பாஸ்க் தலையைப் பிய்த்துக்கொண்டார். ஒரே ஒரு காட்சி, ஒரே ஒரு வரி. துப்பறிவாளர் கேட்பார்: "ராத்திரி மூணு பேர் படகுல வந்து எறங்கியிருக்கானுங்க, நீ பாக்கலயா?" காவலர் தலையைக் குனிந்து சொல்ல வேண்டும்: "கண்ணு அசந்துபோச்சு சார், ஒண்ணும் தெரியல."

பாஸ்க்குக்குத்தான் அந்த யோசனை வந்தது. வேஷம் எதற்கு, உடுப்போடு ஒரு காவலரே இங்கே நிற்கிறாரே!

ஸ்டோபர்ட் முதலில் சிரித்தார். அவர் மனைவி பெல்லா வாசலிலிருந்தே கத்தினாள். "போங்களேன்! கண்ணாடி முன்னாடி நின்னு மீசைய முறுக்கறதுக்கு ஒரு பிரயோசனம் வேணாமா?" அவர் சிவந்துபோய், சரி என்றார். தாளை வாங்கிப் படித்தார். படித்ததும் மடித்து பாஸ்க் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இத நான் சொல்லமாட்டேன்."

"ஏன் சார், சின்ன வரிதானே?"

"காவல்ல தூங்கினேன்னு நான் சொல்லமாட்டேன்."

"நீங்க சொல்லல சார். கதையில வர்ற ஆளு சொல்றான்."

"அவன் போட்டிருக்கறது என் உடுப்பு. நிக்கறது என் விளக்குல. மூஞ்சி யாரோடது?" அவர் குரலை உயர்த்தவேயில்லை. "இங்க பாருங்க. குடிச்சிட்டு வந்தவன மன்னிச்சிருக்காங்க. மேலதிகாரிய அடிச்சவனக்கூட வேற விளக்குக்கு மாத்தியிருக்காங்க. தூங்கினவன மட்டும் அன்னிக்கே பொட்டிய கட்டச் சொல்லிடுவாங்க. வெளயாட்டுக்குக்கூட அந்த வார்த்தைய நாங்க சொல்றதில்ல. 'ராத்திரி நல்லாத் தூங்கினியா'ன்னு எங்களுக்குள்ள கேட்டுக்கக்கூட மாட்டோம்."

பாஸ்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான்தான் இடையில் புகுந்தேன். எதிலும் புகுவேன். "சார், வேற வரி வைக்கலாமே? மூடுபனின்னு சொல்லட்டுமே. 'ஒரே மூடுபனி சார், ஒண்ணும் தெரியல.' நீளமும் சரியா இருக்கும்."

"சரி, என்னமோ சொல்லட்டும், எடுத்துத் தொலை," என்றார் பாஸ்க்.

ஸ்டோபர்ட் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அப்புறம் மாத்திட மாட்டாங்களே?"

"நான் இருக்கேன் ஐயா. சத்தம் எல்லாம் என் கையில. நான் பாத்துக்கறேன்."

ஒரே முறையில் சொன்னார். வாயைத் திறந்து மூச்சை ஆழமாக இழுத்து, துப்பறிவாளரை நேராகப் பார்த்து, "ஒரே மூடுபனி சார், ஒண்ணும் தெரியல." தலையைக் குனியவில்லை. படத்திலேயே உண்மையாகச் சொல்லப்பட்ட வரி அது ஒன்றுதான். என் பதிவிலும் துல்லியமாக விழுந்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், காற்று கெடுத்துவிட்டது என்று தப்பிக்க முடியாது.

மே மாதம் லண்டனில், படத்தைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தபோது விநியோகஸ்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மூடுபனி எங்கய்யா?"

படத்தில் மூடுபனியே இல்லை. ராத்திரிக் காட்சிகளை எல்லாம் பகலில்தான் எடுத்திருந்தோம், கேமராவுக்கு முன்னால் இருட்டாகக் காட்டும் கண்ணாடி போட்டு. திருடர்கள் கரையில் இறங்கும்போது அடிவானம் வரை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. மீன்பிடிப் படகு ஒன்றின் பெயரைக்கூடப் படிக்கலாம்.

"பழைய வரியையே டப்பிங்ல போட்டுடு," என்றார் பாஸ்க். "அந்த ஆள வரவழைக்கறது நடக்காத காரியம். வேற யாராவது பேசட்டும்."

அந்த நிமிடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நான் சொன்னது இதுதான்: "சார், நான் பேசறேன் சார்! எனக்கு நல்லா வரும்!"

நான் மிமிக்ரி செய்வேன். கேன்டீனில் எல்லோரையும் சிரிக்க வைப்பேன். ஒரு படத்தில் என் குரல் வரப்போகிறது என்றதும் மற்ற எதுவுமே மண்டையில் ஏறவில்லை. லண்டன் நாடகக்காரர்களிடம் கிராமத்தான் பேச்சு என்று ஒன்று உண்டு. மேற்குப் பக்கத்து ஆப்பிள் தோட்டக்காரர்களைப் பார்த்து யாரோ எப்போதோ செய்தது. எந்தக் கிராமத்தானாக இருந்தாலும் அதே பேச்சுதான். ஸ்டோபர்ட்டுக்கும் அந்த ஆப்பிள் தோட்டத்துக்கும் முந்நூறு மைல் தூரம். நான் அதைத்தான் எடுத்துவிட்டேன்.

"கண்ணு அசந்துபோச்சுங்க எசமான், ஒண்ணுந் தெரியலீங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாஸ்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேய் ரே, இன்னொரு தடவ!" என்றார். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. வரிக்கு முன்னால் ஸ்டோபர்ட் வாயைத் திறந்து மூச்சிழுக்கிறாரே, அந்த இடம் சும்மா கிடந்தது. மூன்றாவது முறையில் அங்கே ஒரு நீளமான கொட்டாவியைப் பொருத்தினேன். ஒரு ஃபிரேம் பிசகவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்கு நடந்து போகும்போது விசிலடித்துக்கொண்டே போனேன். நான் கொடுத்த வாக்கு வழியெல்லாம் கூடவே வந்தது. யாரோ ஒரு தெரியாத ஆள் பின்னால் வருவதுபோல நான் திரும்பிப் பார்க்காமலே நடந்தேன்.

அக்டோபரில் பெல்லாவிடமிருந்து கடிதம் வந்தது.

"படம் அடுத்த சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர் எம்பயர் தியேட்டரில் போடுகிறார்கள். நீ கண்டிப்பாக வர வேண்டும். இவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இவருடைய மேலதிகாரி, மாவட்டக் கண்காணிப்பாளர் ஹாஸ்வெல், தன் மனைவியோடு வருகிறாராம். இவருக்கு உள்ளூரப் பயம்தான், ஆனால் 'அந்தத் தம்பி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்' என்று உன் பேரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்."

அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் படம் ஆரம்பிக்கும் முன் அவரிடம் நேரில் சொல்லிவிட்டால், அவர் தியேட்டருக்கே போகாமல் இருக்கலாம், கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே விளக்கம் சொல்லிக்கொள்ளலாம். அதற்காகவே போனேன். ரயிலில் ஆறு மணி நேரமும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். எல்லாக் குரலிலும் சொல்லிப் பார்த்தேன். என் குரலில் மட்டும் வரவேயில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெல்லா சுடச்சுட ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். ஸ்டோபர்ட் புது உடுப்பில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் இன்னொரு காவலர், நிக்கல் என்று பெயர், வாய் ஓயாத ஆள்.

"வாங்க வாங்க, லண்டன்காரரே! எங்க ஸ்டார கூட்டிட்டுப் போக கார் கொண்டாந்தீங்களா, இல்ல பஸ்லதானா?"

"வாய மூடுடா," என்றார் ஸ்டோபர்ட், சந்தோஷமாக.

"மூடிக்கறேன். அந்த வரிய ஒரு தடவ சொல்லுங்க, மூடிக்கறேன்."

"ஏழு மாசமா சொல்லிட்டிருக்கார்," என்றாள் பெல்லா. "பால்காரன் 'எத்தன பைன்ட் பால் வேணும்'னு கேட்டா 'ஒரே மூடுபனி சார்'ங்கறார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் உருளைக்கிழங்கைக் கிண்டிக்கொண்டிருந்தேன். பிறகு நிக்கல் பைப் பற்றவைக்க வெளியே போனான், பெல்லா தொப்பியை எடுக்க உள்ளே போனாள். நாங்கள் இருவர் மட்டும். அவர் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி. அப்படியேதான வச்சிருக்காங்க?"

கதவு திறந்தது போலத்தான் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை, 'இல்லை' என்று சொன்னால் போதும். அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. காலையில் சவரம் செய்தபோது தாடையில் வெட்டிக்கொண்டு சின்னக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தார்.

"நல்லா வந்திருக்கு ஐயா," என்றேன்.

அவர் என் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தார். டப்பிங்கில் செய்ததைவிட இதுதான் கேவலம். அது பித்து. இது தெரிந்தே செய்தது.

எம்பயர் தியேட்டரில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. மீனவர்கள், அவர்கள் மனைவிமார், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த குழந்தைகள். நடு வரிசையில் ஹாஸ்வெல், அவர் மனைவி, ஸ்டோபர்ட், பெல்லா, நான், நிக்கல். ஹாஸ்வெல் மெலிந்த உயரமான மனிதர். குனிந்து, "ரொம்ப ஆவலா இருக்கேன், ஸ்டோபர்ட்," என்றார்.

கலங்கரை விளக்கம் திரையில் வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். தங்கள் ஊர்ப் பாறையைப் பார்த்துக் கத்தினார்கள். துப்பறிவாளர் படியேறினார். கதவைத் தட்டினார். ஸ்டோபர்ட் கதவைத் திறந்தார். "மத்யூ! மத்யூ!" என்று பின்வரிசையில் ஒரே கூச்சல். பெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேள்வி வந்தது. திரையில் ஸ்டோபர்ட் வாயைத் திறந்தார்.

நான் போட்டிருந்த கொட்டாவி அந்தத் தியேட்டரில் எவ்வளவு நீளமாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அதன் பின்னால் அந்த ஆப்பிள் தோட்டத்துக் குரல்.

"கண்ணு அசந்துபோச்சுங்க எசமான், ஒண்ணுந் தெரியலீங்க."

அப்புறம் தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி சிரிப்பு. நிக்கலும் சிரித்தான், ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டான், அவனுக்கும் அந்த வார்த்தை காதில் விழுந்துவிட்டது. ஹாஸ்வெல் தன் முழங்காலில் இருந்த தொப்பியை எடுத்து மறுபடி முழங்காலிலேயே வைத்தார். பெல்லா என் கையை விட்டுவிட்டாள். ஸ்டோபர்ட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதி நாற்பது நிமிடமும் அப்படியே. நகை கிடைத்தது, மூன்று பேரும் பிடிபட்டார்கள். எனக்கு எதுவும் தெரியாது.

பெரிய படத்துக்கு நாங்கள் யாரும் உட்காரவில்லை. எழுந்து வெளியே வந்தோம். ஆட்டமும் சிரிப்புமாக ஒரு கூட்டம் பின்னாலேயே வந்தது. படியில் நின்றுகொண்டு ஒருவன், "மத்யூ, தலகாணி வேணுமா?" என்றான். இன்னொருத்தன் கொட்டாவி விட்டுக் காட்டினான்.

ஸ்டோபர்ட் ஹாஸ்வெல் முன்னால் போய் நின்றார். "ஐயா, அது நான் சொன்னதில்ல."

"சினிமாதானே, ஸ்டோபர்ட்," என்றார் ஹாஸ்வெல். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கண் வேறெங்கோ பார்த்தது. "எதுக்கும் தலைமை அலுவலகத்துல யாராவது கேட்டா, ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துடுங்க. துறை உடுப்புல இருக்கறப்போ... நீங்க ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது."

"நான் ஒத்துக்கல." ஸ்டோபர்ட் திரும்பினார். "தம்பி, வா இங்க. நீதான பதிவு பண்ணே. நான் என்ன சொன்னேன்னு ஐயாகிட்ட சொல்லு. எந்த நாய் அப்படிப் பேசுச்சுன்னும் உனக்குத் தெரிஞ்சிருக்கும், அதையும் சொல்லு."

அவர் இன்னமும் என்னை நம்பிக்கொண்டிருந்தார். அதுதான் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் ஓடியிருப்பேன்.

"அவர் மூடுபனின்னுதான் சொன்னார்," என்றேன். "தூங்கினேன்னு சொல்லவே மாட்டேன்னார். பேசினது நான்."

"என்ன?" என்றார் ஹாஸ்வெல்.

"அந்தக் குரல் என்னோடது சார். லண்டன்ல டப்பிங்ல நான்தான் மாத்திப் பேசினேன்."

பெல்லாதான் பேசினாள், மிக மெதுவாக. "எங்க வீட்ல உக்காந்து சாப்பிட்டியேடா."

படியில் நின்றவன் விடவில்லை. "சும்மா காப்பாத்தறான்! இவன் குரல் எங்க, அது எங்க?"

ஹாஸ்வெலும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். அவர் பார்வையை ஸ்டோபர்ட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"பேசிக் காட்டு."

"ஐயா..."

"அதே மாதிரி. கொட்டாவியோட."

தெருவில், மத்தியான வெயிலில், முப்பது பேர் நடுவில் நான் வாயைத் திறந்தேன். கொட்டாவி விட்டேன். "கண்ணு அசந்துபோச்சுங்க எசமான், ஒண்ணுந் தெரியலீங்க." அச்சு அசலாக வந்தது. கேடுகெட்ட அந்தத் திறமை அப்போதும் என்னைக் கைவிடவில்லை. கூட்டம் மறுபடி சிரித்தது. ஆனால் சிரிப்பு இப்போது என் பக்கம் திரும்பியிருந்தது. ஹாஸ்வெல் முகம் மாறியது. ஸ்டோபர்ட்டிடம் கை நீட்டி, "விளக்கம் எல்லாம் வேண்டாம்," என்றார். தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். ஸ்டோபர்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வா," என்றார்.

துறைமுகத்துக்கு நடந்தோம். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் போன வாரமே பக்கத்து ஊரில் படம் பார்த்துவிட்டார்கள். ஏன் எல்லோரும் ஒரு வாரமாக அவரைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்கள் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். "இந்தத் தம்பி ஒண்ணு சொல்லணுமாம்," என்றார். சொன்னேன், பிறகு பேசிக் காட்டினேன். அங்கிருந்து கூட்டுறவுக் கடை. அங்கிருந்து தபால் அலுவலகம். அவர் என்னைத் திட்டவில்லை, தொடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நான் உள்ளே போகக் காத்திருந்தார். முதல் இடத்தில் நன்றாகச் சிரித்தார்கள். கடையில் கொஞ்சம். தபால் அலுவலகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்த பெண், நான் முடித்த பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம் மத்யூ," என்று சொல்லிவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்தாள்.

ஆறு மணிக்கு அவருக்குக் காவல். ஐந்தேகாலுக்கு என்னை ஸ்டேஷன் போகும் பஸ்ஸில் ஏற்ற வந்தார். ஏறினேன். ஒன்பது பத்துப் பேர் இருந்தார்கள். கண்டக்டர் மணியை இழுக்கப் போனபோது ஸ்டோபர்ட் படியில் காலை வைத்தார்.

"ஒரு நிமிஷம் ஜிம். போன வாரம் நீயும் உன் சம்சாரமும் படத்துக்குப் போனீங்க இல்ல?"

கண்டக்டர் நெளிந்தார். "போனோம் மத்யூ. நான் யார்கிட்டயும் ஒண்ணும்..."

"தெரியும். இந்தத் தம்பி பேசட்டும், அப்புறம் எடு."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். இந்த முறை அவர் கேட்கவே இல்லை. நானே ஆரம்பித்தேன். ஹார்விக் முனைக் காவலர் மத்யூ ஸ்டோபர்ட் காவலில் தூங்கியதாகச் சொல்லவில்லை, சொல்ல மறுத்தார், அதைச் சொன்னது நான், இப்படித்தான் சொன்னேன். பேசிக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. முன் இருக்கையில் ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், "எதுக்கும்மா அந்த மாமா அப்படிப் பண்றாரு?" என்று கேட்டாள். அம்மா அவள் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாள்.

அந்தக் கேள்வி படிவரை கேட்டிருக்கும். நான் உட்காரும் முன் வெளியே பார்த்தேன். ஸ்டோபர்ட் படியிலிருந்து காலை எடுத்துவிட்டிருந்தார். ஏற்கெனவே சாலையின் பாதித் தூரம் போய்விட்டார், வேகமாக, ஒரு தடவைகூடத் திரும்பாமல்.